பிராடாக்கில் இப்போது யார் வசிக்கிறார்கள்?

ஈரோட்டைச் சேர்ந்த ஒரு செவிலியர் கேட்டிருக்கும் கேள்வி இது. அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரில் மருத்துவமனை வேலை கிடைத்திருக்கிறது. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. கிழக்கே பிராடாக் என்ற சின்ன ஊரில் பாதி வாடகைக்கு வீடு இருக்கிறது. தேடிப் பார்த்தால் எல்லோரும் அதை 'ப்ளூ காலர் டவுன்', அதாவது உடலுழைப்புத் தொழிலாளர்களின் ஊர், என்கிறார்கள். அப்படியென்றால் அங்கே என்ன மாதிரி ஜனங்கள், எந்த இனத்தவர், என்ன வேலை செய்கிறார்கள், குணம் எப்படி என்று கேட்கிறார். மக்கள்தொகைக் கணக்கைக் கேட்பது போல இருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எடுத்துக்கொள்கிறேன். 'நான் அங்கே தனியாகக் குடியிருக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவாரா' என்பதுதான் அது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதல் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் இரண்டாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் என்னைப் பற்றி. நான் உலோகவியல் படித்தவன். இருபத்து மூன்று வருடம், இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பக்கம் அடுக்குகிற தீச்செங்கல் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மொனாங்கஹேலா ஆற்றங்கரை ஆலைகள்தான் என் பகுதி. இங்கே அதை 'மான் வேலி' என்று சுருக்கிச் சொல்வார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிராடாக் ஆலைக்குள் இருப்பேன். ஆனால் குடியிருந்தது பக்கத்தில் மன்ரோவில்லில். அதனால் ஆலையைப் பற்றியும் ஆலைக்காரர்களைப் பற்றியும் நான் சொல்வது கண்ணால் பார்த்தது. ஊருக்குள் வீடுகளில் நடக்கும் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது நண்பர்கள் வழியாக அறிந்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

சரி, கணக்கு. அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகத் தலை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கின்படி பிராடாக்கில் 1920-இல் இருந்தவர்கள் 20,879 பேர். 1950-இல் 16,488. 1980-இல் 5,634. 2000-இல் 2,912. 2020-இல் 1,721. நம் பக்கம் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் மதியப் பந்திக்கு வரும் கூட்டம்தான் இன்று மொத்த ஊரும். பத்துப் பேரில் சுமார் ஏழு பேர் கறுப்பின மக்கள். மீதியில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அவர்களிலும் வயதானவர்கள் நிறைய. இதுவரை சொன்னதை நம்பலாம். ஆனால் இணையத்தில் ஊர் பெயரைத் தட்டினால் வருமானம், படிப்பு, வேலையின்மை என்று தசம புள்ளியோடு வரும் எண்கள் வேறு வகை. அவை தலை எண்ணிக்கை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் சில வீடுகளில் மட்டும் மாதிரி எடுத்து, ஐந்து ஆண்டு மாதிரிகளைச் சேர்த்துப் போடும் மதிப்பீடு. ஆயிரத்து எழுநூறு பேர் இருக்கும் ஊரில் அந்த மாதிரி மிகச் சிறியது. எண்ணுக்குப் பக்கத்தில் 'கூடவோ குறையவோ இவ்வளவு' என்று ஒரு பிழை அளவு போட்டிருப்பார்கள். சில வரிகளில் அது எண்ணில் பாதி அளவுக்கு இருக்கும். 'இந்த ஊரில் ஏழைகள் கூடிவிட்டார்கள்' என்று இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிட்டு யாராவது எழுதினால், அந்தப் பிழை அளவைப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஏழை ஊர் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதில்தான் நிதானம் வேண்டும்.

இனி பலரும் தவறாகச் சொல்லும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 'எண்பதுகளில் எஃகு ஆலைகளை மூடினார்கள், வேலை போனது, ஊர் காலியானது' என்பதுதான் இந்தப் பகுதி ஊர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் கதை. ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஹோம்ஸ்டெட்டுக்கு அது பெருமளவு பொருந்தும். 1892-இல் தொழிலாளர்களும் கம்பெனி அனுப்பிய பிங்கர்டன் கூலிப்படையும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட அந்தப் புகழ்பெற்ற ஆலை 1986-இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் கடைத்தெருவும் சினிமா தியேட்டரும்தான். ஆனால் பிராடாக்கின் கணக்கை மறுபடி பாருங்கள். 1980-க்குள்ளேயே கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு ஜனம் போய்விட்டது. பெரிய ஆலை மூடல்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தன. அதைவிட முக்கியம், பிராடாக்கின் ஆலை மூடப்படவே இல்லை. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 1875-இல் திறந்த எட்கர் தாம்சன் ஆலை, ஆலைக்காரர்கள் வாயில் 'இ.டி.', இன்றைக்கும் இரவு பகலாக ஓடுகிறது. 1992-இல் அங்கே தொடர் வார்ப்பு இயந்திரம் போட்டார்கள். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைகள் இரண்டு இருக்கின்றன. உருகிய இரும்பை எஃகாக்கிப் பாளம் பாளமாக வார்த்து, ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் இன்னொரு ஆலைக்குத் தகடாக்க ரயிலில் அனுப்புகிறார்கள். ஆலை இன்னும் ஓடுகிறது, ஊர் போய்விட்டது. நீங்கள் பார்க்கப் போகும் ஊரைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

ஊர் நிரம்பியிருந்த காலத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று அங்கே நீங்கள் பார்க்கும் கட்டடங்கள் எல்லாம் அந்தக் கூட்டத்துக்காகக் கட்டியவை. ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், குரோவேஷியர், போலந்துக்காரர், ஐரிஷ்காரர் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் இருபதாயிரம் பேர். ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரம் ஏழு நாள். பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு மாறும் வாரத்தில் இருபத்து நான்கு மணி நேரம் ஒரே மூச்சாக உலை முன்னால் நிற்க வேண்டும். எட்டு மணி நேர வேலை இங்கே 1923-இல்தான் வந்தது. ஆள் செத்தால் குடும்பத்துக்கு நாதியில்லை என்பதால், ஒவ்வொரு மொழிக்காரரும் தங்களுக்குள் மாதாமாதம் காசு போட்டு ஈமச்செலவுக்கும் விதவைக்கும் கொடுக்கும் சங்கங்களை ஆரம்பித்தார்கள். 1890-இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய தேசிய ஸ்லோவாக் சங்கம் அப்படி வந்ததுதான். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சர்ச், ஒரு சங்கக் கூடம், பல சாராயக் கடைகள். ஓர் உலோகவியல்காரனாக எனக்கு நெருக்கமான தகவல் ஒன்றும் உண்டு. இந்த ஆலையின் ஊதுலைகளை மேற்பார்த்த ஜூலியன் கென்னடி பிற்பாடு தனியாகப் பொறியியல் நிறுவனம் வைத்தார். ஜாம்ஷெட்பூரில் டாடாவின் முதல் எஃகு ஆலையை வடிவமைத்தது அந்த நிறுவனம்தான்.

அந்தக் காலத்தின் மிச்சமாக கார்னெகி நூலகம் நிற்கிறது. அமெரிக்காவில் அவர் கட்டிக்கொடுத்த முதல் நூலகம், 1889. புத்தகம் மட்டும் இல்லை. கீழ்த்தளத்தில் குளியலறைகள் வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து கரியோடு வருபவர் முதலில் உடம்பு கழுவி, அப்புறம் மாடி ஏறிப் படிக்கலாம். வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தக் குளியல்தான் பெரிய விஷயமாக இருந்திருக்கும். 1974-இல் பணமில்லாமல் மூடினார்கள். இடிக்க இருந்த கட்டடத்தை அங்கே கடைசியாக நூலகராக இருந்தவர் ஒரு டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1983-இல் குழந்தைகள் பகுதியிலிருந்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். இந்த ஊரின் குணம் என்ன என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லச் சொன்னால், அந்த ஒரு டாலரைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் ஜனம் ஏன் போனது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூனியன் வலுவாக இருந்தது, சம்பளம் உயர்ந்தது, தொழிலாளி கார் வாங்கினான். புகை மூட்டத்தில், ஆலை மதிலை ஒட்டிய வரிசை வீட்டில் இருக்க வேண்டிய அவசியம் போனது. மலைமேல் புறநகர்கள் முளைத்தன. மன்ரோவில் 1951-இல் தனி ஊராட்சியானது, 1969-இல் அங்கே பெரிய மால் வந்தது, பிராடாக் அவென்யூவின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. ஆனால் எல்லோராலும் மலை ஏற முடியவில்லை. அரசு உத்தரவாதத்தோடு கிடைத்த வீட்டுக் கடன்கள் வெள்ளையர்களுக்குத்தான் எளிதாகக் கிடைத்தன. கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, 'ஆபத்தான முதலீடு' என்று கடனை மறுக்கும் வழக்கம் 1930-களிலேயே தொடங்கிவிட்டது. தெற்கு மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்திருந்த கறுப்பினக் குடும்பங்கள் நல்ல சம்பளம் இருந்தும் புறநகரில் வீடு வாங்க முடியாமல் பள்ளத்தாக்கிலேயே நின்றன. ஆலைக்குள்ளும் அதே கதைதான். நிலக்கரியைச் சுட்டு உலைக்கான எரிபொருளாக்கும் கோக் அடுப்பு, ஊதுலை என்று சூடும் தூசியும் அதிகமான பிரிவுகளில் அவர்களைப் போட்டார்கள். சீனியாரிட்டி பிரிவுவாரியாக இருந்ததால், நல்ல பிரிவுக்கு மாறினால் சேர்த்த சர்வீஸ் எல்லாம் பூஜ்யமாகிவிடும். 1974-இல் மத்திய அரசு, ஒன்பது எஃகுக் கம்பெனிகள், யூனியன் மூன்றும் நீதிமன்றத்தில் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் அது மாறியது. மாறிய சில வருடங்களிலேயே ஆட்குறைப்பு வந்தது. கடைசியாக உள்ளே வந்தவர்தானே முதலில் வெளியே போக வேண்டும்? நாற்பது வருடம் காத்திருந்து கதவு திறந்தபோது உள்ளே வேலை இல்லை. வயதான உலைத் தொழிலாளி ஒருவர் இதை என்னிடம் சொன்னபோது கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, இன்றைய பிராடாக் என்பது வெளியேறிய பத்தில் ஒன்பது பங்கைக் கழித்தபின் நிற்பது. போக முடியாதவர்களும் போக மறுத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள். நீங்கள் குழப்ப வேண்டாம்.

ஆலைக்கும் ஊருக்கும் இன்று என்ன உறவு என்பதை நான் ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் கற்றேன். மதியம் மூன்று மணி சுமாருக்கு கேட்டுக்கு வெளியே நின்றால் தெரியும். வெளியே வருவது பெரிய பெரிய பிக்கப் வண்டிகள். இடது பக்கம் திரும்பினால் பிராடாக் அவென்யூ, பத்து நிமிடம் நடந்தால் நூலகம். ஒரு வண்டி அந்தப் பக்கம் திரும்பினால் நான் கவனித்துப் பார்ப்பேன், அவ்வளவு அபூர்வம். எல்லாம் நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்கும்தான் போகும். ஓட்டுபவர்களில் பலர் அரைமணி, முக்கால்மணி தூரத்தில் வெஸ்ட்மோர்லேண்ட் மாவட்டம் மாதிரி இடங்களில் புல்வெளியோடு வீடு வைத்திருப்பவர்கள். என்னோடு மதிய உணவு சாப்பிட்ட ஒரு மெக்கானிக், தாத்தா பிறந்த வீடு பிராடாக்கில் எந்தத் தெரு என்று சொல்வார். அந்தத் தெருவில் அவர் கடைசியாகக் கால் வைத்தது பாட்டியின் இறுதிச் சடங்குக்கு. ஆளும் குறைந்துவிட்டது. 1943-இல் நாடு முழுக்க மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேரை வைத்து வேலை வாங்கிய யூ.எஸ். ஸ்டீல் கம்பெனிக்கு, இந்தப் பள்ளத்தாக்கின் மூன்று ஆலைகளையும் சேர்த்தாலே இப்போது சுமார் மூவாயிரம் பேர்தான்.

அப்படியென்றால் பிராடாக்காரர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள்? ஒரு குளிர்காலத்தில் என் கார் மக்கர் செய்து இரண்டு வாரம் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. பிராடாக் வழியாக, பிட்ஸ்பர்க்கின் மருத்துவமனைப் பகுதியான ஓக்லாண்டுக்கும் நகர மையத்துக்கும் போகும் அறுபத்தொன்று வரிசைப் பஸ். விடியற்காலை ஐந்தரை, இன்னும் இருட்டு. ஏறியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், குளிர் கோட்டுக்குக் கீழே மருத்துவமனைச் சீருடையின் நீலக் கால்சட்டை. நோயாளிகளைத் தூக்கிப் படுக்கவைக்கும் உதவியாளர், சமையலறை, சலவை, முதியோர் வீடுகளில் பராமரிப்பு. ஒரு அம்மா ஏறியதும் காலணியைக் கழற்றி, வேலைக்கான வெள்ளை ஷூவைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். பழையதை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஓக்லாண்டு நிறுத்தத்துக்கு முன்னால் தானாகவே விழித்தார். தினமும் அப்படித்தான். நகரத்தின் மிக உயரமான கட்டடம் இன்னமும் 'யூ.எஸ். ஸ்டீல் டவர்'தான், அறுபத்து நான்கு மாடி. ஆனால் உச்சியில் இரவில் ஒளிரும் எழுத்துகள் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர். அந்த வட்டாரத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இன்று மருத்துவம்தான். உங்கள் கேள்விக்கு இதுதான் நேர்ப் பதில். பிராடாக் இன்றும் உழைப்பாளிகளின் ஊர். ஆனால் அந்த உழைப்பு இப்போது இரும்பில் இல்லை, மனித உடம்புகளைத் தூக்கித் துடைத்துப் பராமரிப்பதில் இருக்கிறது. செய்பவர்களில் பெண்கள் அதிகம், உலைக்காரருக்கு யூனியன் வாங்கிக் கொடுத்த சம்பளம் அவர்களுக்கு இல்லை. 'ப்ளூ காலர்' என்றதும் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்கார ஆண் முகம் எல்லோருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. அந்தப் பஸ்தான் அதை மாற்றியது. நீங்களும் அந்தப் பெண்களின் சக ஊழியராகத்தான் போகப் போகிறீர்கள்.

ஊரில் என்ன இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊருக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது, 2010 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான வேலைகளோடு, ஊருக்குள் உட்கார்ந்து சாப்பிட இருந்த இடமும் போனது, அதன் உணவகம்தான் பலருக்கும் ஹோட்டல். பள்ளி விஷயம் இன்னும் பழைய காயம். 1970-களின் தொடக்கத்தில் மாநிலம் பள்ளி வட்டாரங்களை இணைத்தபோது, பக்கத்துப் பணக்கார ஊர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டன. பிராடாக்கும் அதன் அண்டை ஏழை ஊர்களும் தனியாகத் தள்ளப்பட்டன. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இன அடிப்படையில் பிரித்தது சட்டவிரோதம் என்று மத்திய நீதிமன்றம் சொல்லி, 1981-இல் ஐந்து வட்டாரங்களைச் சேர்த்து உட்லண்ட் ஹில்ஸ் என்ற ஒன்றாக்கியது. வழக்கில் வென்றார்கள். ஆனால் வசதியுள்ளவர்களில் பலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். ஊராட்சிக்கு வரி கட்டும் ஜனம் இல்லாததால் 1988-இலேயே மாநில அரசு பிராடாக்கை 'நிதி நெருக்கடி ஊர்' பட்டியலில் சேர்த்தது.

குணம் பற்றி. ஊரின் குணம் என்று சொல்வதில் பாதி, பார்ப்பவரின் குணம். அதனால் வழக்கங்களை மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. பனி பெய்த பின் தெருவில் ஒருவர் மண்வாரியால் அள்ளிக் கார் நிறுத்த இடம் செய்தால், வண்டியை எடுக்கும்போது அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். சட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனாலும் அந்த நாற்காலியை யாரும் நகர்த்த மாட்டார்கள். நீங்களும் நகர்த்தாதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சர்ச் கூடங்களிலும் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களிலும் மீன் வறுத்து விற்பார்கள். அந்த வரிசையில் நின்றால் பிரிந்துபோன எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மலைமேல் போனவர்கள்கூட மீனுக்குத் திரும்பி வருவார்கள். கல்யாணங்களில் அத்தைமாரும் சித்திமாரும் வாரக்கணக்கில் சுட்ட பிஸ்கட்டுகளை நீண்ட மேசையில் மலையாகக் குவிப்பார்கள், நம் வீட்டுச் சீர்வரிசைத் தட்டு மாதிரி. யார் எத்தனை வகை கொண்டுவந்தார் என்பது வருடக்கணக்கில் பேசப்படும். 'நெப்பி' என்று ஒரு வட்டாரச் சொல் உண்டு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் என்று அர்த்தம். உங்களிடமும் வந்து எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எவ்வளவு வாடகை என்று கேட்பார்கள். ஈரோட்டுப் பெண்ணுக்கு அது புதிதாக இருக்காது.

நம்மை எப்படி நடத்துவார்கள்? என் அனுபவத்தை மட்டும்தான் சொல்ல முடியும். நான் ஆண், அலுவலக அட்டை மாட்டிக்கொண்டு பகலில் போனவன். அதைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். ஆலைக்குள் முதல் வருடம் யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை. ஒரு இரவு, இரும்பு ஓடும் வாய்க்காலில் செங்கல் பெயர்ந்து, விடியும்வரை அவர்களோடு நின்று வேலை பார்த்தேன். அடுத்த நாள் என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆப்பிளை வைத்திருந்தார்கள். அப்புறம் பேச்சுக்குக் குறைவே இல்லை. தோலின் நிறத்தைச் சொல்லிக் கேவலமாகப் பேசியவர்களும் இரண்டு பேர் உண்டு, அதை மறைக்கவில்லை. இருவரும் பிராடாக்கில் வசிப்பவர்கள் அல்ல. ஊர்க்காரர்களிடம் எனக்கு அது நேரவில்லை. பொதுவாக நம்மவர்கள்தான் அந்த ஊரைப் பார்க்காமல் கடந்துபோகிறோம். பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயில், 1970-களில் கட்டியது, அங்கிருந்து காரில் இருபது நிமிடம் இருக்கலாம். அந்தக் கோயிலுக்கு வாராவாரம் வந்துபோகும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பிராடாக்கில் ஒருமுறையாவது காரை நிறுத்தியிருக்கும்?

அரசியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், 'அங்கே எல்லோரும் டிரம்ப் ஆட்களா' என்று. இல்லை. பிராடாக் பல காலமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் ஊர். ஆனால் அந்த பிக்கப் வண்டிகள் போகும் வெஸ்ட்மோர்லேண்ட் மாவட்டம் குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டது. 2016-இல் பென்சில்வேனியா முழுவதையும் தீர்மானித்தது சுமார் நாற்பத்து நான்காயிரம் வாக்கு. ஆலைத் தொழிலாளி எப்படி வாக்களித்தார் என்பதும் ஆலை இருக்கும் ஊர் எப்படி வாக்களித்தது என்பதும் தனித்தனிக் கேள்விகள். 2025 ஜூனில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல், ஆலையின் சொந்தக்காரரான யூ.எஸ். ஸ்டீலை வாங்கியபோதும் இதே மாதிரிதான். யூனியனின் தேசியத் தலைமை எதிர்த்தது. பள்ளத்தாக்கின் உள்ளூர் யூனியன்காரர்களில் பலர், உலைகளுக்கு யாராவது பணம் போட்டால் போதும் என்று வரவேற்றார்கள். 2019-இல் அறிவித்த நூறு கோடி டாலருக்கு மேலான ஒரு திட்டத்தைப் பழைய நிர்வாகம் 2021-இல் கைவிட்டதை அவர்கள் மறக்கவில்லை.

பாதுகாப்பு. இப்போது செனட்டராக இருக்கும் ஜான் ஃபெட்டர்மேன் 2006 முதல் 2019 வரை அங்கே மேயர். அவர் காலத்தில் ஊரில் நடந்த கொலைகளின் தேதிகளைத் தன் முன்கையில் பச்சை குத்திக்கொண்டவர். கொலை நடக்கிறது என்பதும் உண்மை, ஒவ்வொன்றையும் ஊர் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது என்பதும் உண்மை. இணையத்தில் வரும் 'லட்சம் பேருக்கு இத்தனை' என்ற குற்ற விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். 1,721 பேர் இருக்கும் ஊரில் வருடத்தில் ஒரே ஒரு கொலை நடந்தாலே விகிதம் லட்சத்துக்கு 58 என்று காட்டும், நடக்காவிட்டால் பூஜ்யம். இரண்டுமே ஊரைச் சொல்லாது. தெருவுக்குத் தெரு வித்தியாசம் அதிகம். ஒரு தெருவில் நான்கு வீடு பூ வைத்துச் சுத்தமாக இருக்கும், அடுத்த தெருவில் கூரை விழுந்த வீடுகள். காற்றைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வேன். சில காலைகளில் அழுகிய முட்டை வாடை பள்ளத்தாக்கில் தங்கி நிற்கும், குறிப்பாகக் காற்று அசையாத குளிர் நாட்களில். உங்களுக்கோ கூட வருபவர்களுக்கோ ஆஸ்துமா இருந்தால் பிராடாக் வேண்டாம். இதில் நான் இரண்டு மனதாக இல்லை.

அது இல்லையென்றால், போகாதே என்று சொல்ல மாட்டேன். வீடு நூறு வருடம் பழையதாக இருக்கும். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததை வீட்டுக்காரர் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். போன குளிர்காலத்தின் கேஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததைச் சன்னல் இடுக்குகள் தின்றுவிடக் கூடாது. உங்கள் மருத்துவமனை ஓக்லாண்டில் என்றால் பஸ் போதும், மன்ரோவில் பக்கம் என்றால் கார் இல்லாமல் முடியாது. முன்பணம் கொடுக்கும் முன், ஒரு வார நாளில் விடியற்காலை ஐந்தரைக்கு பிராடாக் அவென்யூ பஸ் நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள். சீருடையில் நிற்கும் பெண்களிடம், 'இந்த முகவரியில் வீடு பார்த்திருக்கிறேன், நானும் நர்ஸ்' என்று சொல்லுங்கள். எந்தத் தெரு ஆகும், எந்த வீட்டுக்காரர் குழாய் உடைந்தால் வருவார், எவர் வரமாட்டார் என்று பஸ் வருவதற்குள் சொல்லிவிடுவார்கள்.